பழைய எஞ்சினும் புதிய டர்போவும்

சிறுமுயற்சியால் பெரும்பயன் எய்த விழைதல் இளமைக்கு இயல்பு. நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த மோட்டார் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிய இளைஞர் பலர், அதற்கு டர்போ பூட்டிவிடின் அது புத்துயிர் பெற்று விரையுமென எண்ணுகின்றனர். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தற்காகும் பொருளை வீண்செலவென்றும், டர்போவுக்காகும் பொருளே பயன் தருவதென்றும் கருதுகின்றனர். இது வரிசை பிறழ்ந்த கருத்தென்பதும், புதுப்பிக்கும் வேலையை முடிக்காது டர்போவைப் பூட்டலாகாதென்பதும் எமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

டர்போ என்பது யாது? சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி என்பார் 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருத்து அதற்கு அடிப்படையாகும். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் வெப்பப் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இறுக்கிச் சிலிண்டர்களுக்குள் செலுத்துகின்றது. வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் அதிற் பாதியளவு கூட்டி இறுக்கி, குளிர்வித்தும் செலுத்தினால், உட்புகும் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். காற்று மிகவே பெட்ரோலும் மிகும். எரிதலின் விசையும் மிகும். அவ்விசையைத் தாங்கவேண்டுவதோ பழைய எஞ்சினேயாம். ஆதலின் டர்போவை வலிமை ஈயும் பொருளென்பதினும், வலிமையைக் கேட்டு வாங்கும் பொருளென்பதே பொருந்தும்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவாம். 80 மில்லிமீட்டர் விட்டமுடைய பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். எரிதலின் உச்சத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 60 கிலோகிராம் அழுத்தம் நேருமெனக் கொண்டால், பிஸ்டன் தாங்கும் சுமை 3,000 கிலோகிராம். டர்போவால் அவ்வழுத்தம் 90 ஆயின், சுமை 4,500 கிலோகிராமாகும். நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் இவ்வடியை நிமிடத்திற்கு 1,500 முறை ஏற்கின்றது. அது கனெக்டிங் ராடு, பேரிங், கிராங்க் ஷாப்ட் ஆகிய அனைத்தையும் தாக்குகின்றது.

இனி, இவற்றின் நிலைமையைக் காண்போம். ஒரு கிலோமீட்டருக்கு எஞ்சின் 2,000 முறை சுழலுமெனின், 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் எஞ்சின் 40 கோடி முறை சுழன்றிருக்கும். அதனுள் சிலிண்டரின் மேற்பகுதி தேய்ந்து வட்டம் பிறழ்ந்திருத்தலும், பிஸ்டன் ரிங்குகள் இறுக்கம் தளர்ந்திருத்தலும், பேரிங்குகளில் இடைவெளி மிகுந்து எண்ணெயழுத்தம் குன்றியிருத்தலும் வியப்பன்று. ரிங்குகளைக் கடந்து மேலேறும் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரியின், காலத்திற்கு முன்னரே தானாகப் பற்றும் கேடு நேர்ந்து பிஸ்டன் உடையும். கீழிறங்கும் புகையோ எண்ணெய்த் தொட்டியில் அழுத்தத்தை உண்டாக்கி, டர்போவினின்று எண்ணெய் வடிந்து திரும்புதலைத் தடுக்கும். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. அது மிதப்பதும் அவ்வெஞ்சினின் எண்ணெயிலேயே. ஆகவே நலிந்த எஞ்சின் தானும் கெட்டு, புதிய டர்போவையும் கெடுக்கும்.

‘அழுத்தத்தைச் சிறிதளவே கூட்டினால் தீங்கில்லையே, அவ்வாறு ஓடும் வண்டிகள் உளவே’ என்பார் சிலர். உள என்பதை யாம் மறுக்கவில்லை. ஓடிய தூரம் ஒன்றே எஞ்சினின் நிலையை முடிவுசெய்யாது. ஆயின் அந்நிலையை விருப்பத்தால் அறிதல் இயலாது. அளவுகோலால் அறிதல் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் இறுக்கத்தையும் கருவிகொண்டு அளக்க. குறைந்து காட்டும் சிலிண்டரிற் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. இறுக்கம் உயருமாயின் குற்றம் ரிங்கின்பாலது. உயராதாயின் பெரும்பாலும் வால்வின்பாலது. எஞ்சின் சூடேறியபின் எண்ணெயழுத்தத்தையும் காண்க. இவ்வெளிய சோதனையைத்தானும் செய்யாது டர்போவைப் பூட்டுவோர் பொருளை வைத்துச் சூதாடுவோரேயாவர்.

புதுப்பித்தலாவது பழையபடி ஆக்குதல் மட்டுமன்று. வரவிருக்கும் சுமைக்கேற்ப ஆக்குதலுமாம். சிலிண்டரைப் போரிங் செய்து பெரிய பிஸ்டன் இடும்போதே அதனை உறுதியானதாகத் தேர்தல் வேண்டும். மிகுந்த வெப்பத்தில் ரிங் நீளுமாதலின், அதன் முனைகளுக்கிடையே இடைவெளியைச் சற்றே கூட்டி வைத்தல் வேண்டும். இறுக்க விகிதம் மிகுதியாயின் அதனைக் குறைத்தலும் நன்று. இப்பொருத்தத்தின் அருமையை அமெரிக்க நாட்டு ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் வண்டியின் வரலாறு உணர்த்தும். 1962இல் டர்போவுடன் வெளிவந்த அவ்வண்டியின் எஞ்சினில் இறுக்க விகிதம் 10.25ஆக இருந்தமையால், முன்பற்றலைத் தடுக்க நீரும் மெதனாலும் கலந்த திரவத்தை உட்செலுத்த வேண்டியிருந்தது. அதனை நிரப்ப மறந்தார் பலர். திரவம் தீர்ந்தவழி வண்டியின் வலிமையும் குன்றியது. 1965இல் அந்நிறுவனமே டர்போவை நீக்கிச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தித்தர முன்வந்தது. புத்தம்புதிய எஞ்சினுக்கே இந்நிலையாயின், தேய்ந்ததற்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின், மாணவ நண்பர்காள், இரண்டில் ஒன்றற்கே பொருள் உளதாயின் எஞ்சினைப் புதுப்பித்தலையே தேர்மின். தேய்வினால் இழந்த வலிமை அதனாலேயே பெரிதும் மீளும். டர்போவை நாடிய விருப்பமும் ஒருவேளை தணியும். பொருள் மேலும் சேருமாயின், பிரேக்கையும் குளிர்விக்கும் அமைப்பையும் செவ்வைசெய்து, அதன்பின் டர்போவைப் பூட்டுமின். நெடுஞ்சாலையில் விரையும் வண்டியின் எஞ்சின் திடீரென உடையின், கெடுவது பொருள் மட்டுமன்று. உள்ளிருக்கும் பெற்றோர் உடன்பிறந்தோர் உயிரும், எதிர்வருவோர் உயிரும் இடருறும். சுவரின்றிச் சித்திரம் எழுதுதல் எவர்க்கும் ஒல்லாது. முதற்கண் சுவரை எழுப்புமின்.