அடுப்புக்குப் பிறகு வந்த ரயில்

ஊர்ப்பக்கம் தொழிற்சாலை வருவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மேடையிலும் டீக்கடையிலும் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. இயந்திரம் வந்த பிறகுதான் நம் மக்கள் யோசிக்கத் தொடங்கினார்களாம்; ரயிலும் ஆலையும் சாதியைக் கரைத்தனவாம்; அறிவு மேலிருந்து கிராமத்துக்கு இறங்கி வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் ஒட்டமாட்டேன் என்கிறது.

முன்பு யாரும் யோசிக்கவில்லையா? பண்ருட்டிக்குப் பக்கத்தில் கெடிலக் கரையில் திருவதிகை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் திருவாமூர்க்காரர் ஒருவர் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். பிறகு சூலைநோயோடு தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து, அப்பராகச் சைவத்துக்குத் திரும்பினார். இதைச் சொல்லும் பெரியபுராணம் வென்ற தரப்பின் நூல்; சமணர்களுக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்க்கவில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் அக்கா ஒரு கொள்கையிலும் தம்பி வேறு கொள்கையிலும் நின்ற வட்டாரத்தைத் தூங்கிக் கிடந்தது என்று சொல்ல முடியாது.

இயந்திரம் வந்த இடத்தில் புதுச் சிந்தனை தானாக முளைக்கும் என்றால், பரங்கிப்பேட்டைதான் முந்தியிருக்க வேண்டும். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கனிமம், காட்டு மரத்தின் கரி, ஊதுலை என்று ஐரோப்பிய முறையில் இந்தியாவில் நடந்த ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. சில பத்தாண்டுகளில் உலை அணைந்தது. அந்த ஆலையின் பெயரைச் சொல்லி இன்று யாரும் ஒரு பள்ளியையோ சங்கத்தையோ நினைவுகூர்வதில்லை.

மாற்றம் வந்தது உலை இல்லாத இடத்தில்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் 1865இல் சன்மார்க்க சங்கம் அமைத்தார். 1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில், வடலூர் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். பசியோடு வந்தவரிடம் சாதி கேட்காமல் சோறு போட்ட அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. சென்னையிலிருந்து ரயில் பாதை கடலூரைத் தொட்டது அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து.

இந்த மாற்றத்தில் பங்கு கேட்கத் தகுதியுள்ள இயந்திரம் ஒன்று உண்டு: அச்சுப்பொறி. அடிகளின் பாடல்தொகுப்பான திருவருட்பா 1867இல் சென்னையில் அச்சேறியது. 1869இல் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் அதை மறுத்து எழுதினார். சண்டை கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. இரு தரப்பாரும் கண்டனமும் பதிலுமாக அச்சிட்டுத் தள்ளினார்கள். அடிகள் மறைந்த பிறகும் அது ஓயவில்லை. அருட்பாவை அச்சிட்டுக் கொடுத்த அதே தொழில்நுட்பம், அதைத் தாக்கியவர்களுக்கும் தயங்காமல் உழைத்தது.

ஆலை சாதியைக் கரைத்தது என்பதில் அரை உண்மை இருக்கிறது. கோலார் தங்கவயலுக்குப் போன வட தமிழகத்துத் தலித் குடும்பங்களுக்கு மிராசுதாரின் கை எட்டாத கூலி கிடைத்தது. தலித் அறிஞர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கமும் அங்கே வேரூன்றியது. சுவாமி சகஜானந்தர் இளமையில் அங்கே வாழ்ந்தவர். ஆனால் 1916இல் அவர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது சிதம்பரத்தில். தலித் அடியார் நந்தனாரைக் கோயில் வாசலில் நிறுத்தியதாகக் கதை சொல்லும் அதே தில்லையில், அவர் பெயரிலேயே! சுற்றிலும் வயல், கோயில், பழைய கட்டுப்பாடு. சுரங்கக் கூலி ஒரு குடும்பத்தை மூச்சுவிட வைத்திருக்கலாம்; சேரிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை மாட்ட ஒரு மனிதர் திரும்பி வரவேண்டியிருந்தது.

உடனே நெய்வேலியைக் காட்டுவார்கள். காட்டட்டும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது, 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மின்சாரம் வந்தது, நகரியம் வந்தது, பள்ளிகள் வந்தன. நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் கால்வாய் வெட்டுவதற்காக அந்த நிறுவனத்தின் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின.

அறிவு மேலிருந்து வருகிறது என்ற வாதத்துக்குக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பதில் இருக்கிறது. ரசாயன ஆலைகளைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் வெறுமனே ‘நாற்றம்’ என்று புகார் சொல்வதோடு நிற்கவில்லை. எந்த நேரம், எந்த இடம், அழுகிய முட்டைக்கோஸ் வாடையா நகப்பூச்சு வாடையா என்று குறித்துவைத்தார்கள். 2004இல் வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் நச்சு வாயுக்கள் கலந்திருப்பதைக் காட்டினார்கள். அங்கே வசிப்பவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் மிக அதிகம் என்று ‘நீரி’ என்ற மத்திய ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை சொன்னது 2007 வாக்கில். ஊர்க்காரர்களின் நோட்டுப் புத்தகம் அதற்கு முன்பே நிரம்பியிருந்தது.