பொக்கை வாயை யார் பார்ப்பது? முதியோர் இல்லங்களில் கண்டுகொள்ளப்படாத பல் பிரச்சினை

கால் வலி என்றால் தைலம் வருகிறது. சர்க்கரை, பிரஷர் என்றால் மாத்திரை வருகிறது. பல் வலி என்று சொன்னால் மட்டும், "இந்த வயசுல பல்லு போகத்தானே செய்யும் தாத்தா" என்ற பதில்தான் வருகிறது.

முதியோர் இல்லங்கள் பலவற்றில் தாத்தா-பாட்டிகளின் நிலை இதுதான். குளிப்பாட்டிவிட ஆள் உண்டு. சோறு ஊட்ட ஆள் உண்டு. "வாயைத் திறங்க" என்று சொல்லி உள்ளே எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பல்லுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உயிருக்கே உலை வைக்கும் சமாச்சாரம் இது.

வாயில் இருந்து நுரையீரலுக்கு...

பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்துவிடும். எச்சிலும் சோற்றுப் பருக்கையும் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போகும். பல நாள் துலக்காத வாயாக இருந்தால் கிருமிகளும் கூட்டமாகச் சேர்ந்து போகும். கடைசியில் நிமோனியா. வெளியே தெரிவது காய்ச்சலும் இருமலும்தான். "வயசாயிடுச்சு, சளி பிடிச்சு போயிட்டாரு" என்று கதை முடிந்துவிடுகிறது. பல் பிரஷ் பற்றி யாருக்கும் நினைப்பே வராது.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டுகள் ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2002-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்களே வாயைச் சுத்தம் செய்துவிட்டனர். இன்னொரு பிரிவினரை வழக்கம்போல விட்டுவிட்டனர். அப்படி விடப்பட்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அங்கே பெரிய மருந்து மாத்திரை எதுவும் இல்லை. பிரஷ்தான்! பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதுதான் இதில் விசேஷம். பல் இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் துடைத்துவிட வேண்டும் என்பது இங்கே எத்தனை ஆயாக்களுக்குத் தெரியும்?

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறில் சீழ் வைத்தால் சர்க்கரை கட்டுக்குள் வராது. பிரஷர், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எச்சிலை வற்ற வைத்துவிடும். எச்சில் இல்லாத வாயில் சொத்தை வேகமாகப் பரவும். வெற்றிலை-புகையிலை போட்டுப் பழகிய பாட்டிகளுக்கு 2 வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோயாக இருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து பார்த்தால்தானே புண் தெரியும்?

பல் செட் படும் பாடு

பல் செட் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். ராத்திரியும் அதைக் கழற்றாமல் தூங்கிவிடுகிறார்கள். மேலண்ணம் சிவந்து, காளான் கிருமி பற்றி, கடைவாய் வெடித்துவிடுகிறது. சிலர் பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள். செட்டில் கீறல் விழுந்து கிருமிக்கு இடம் கிடைக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் செட் வளைந்துவிடும். சோப்பு, மெத்தென்ற பிரஷ், ராத்திரிக்கு ஒரு டப்பா பச்சைத் தண்ணீர். இவ்வளவுதான் வேண்டியது.

இல்லங்களில் இன்னொரு கூத்தும் உண்டு. செட்டுகள் இடம் மாறிவிடும். எச்சில் தட்டோடு சேர்ந்து குப்பைக்கும் போய்விடும். செட்டிலேயே பெயரைப் பொறித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

பட்டியலில் இருக்கிறது, வாயில் இல்லை

மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017-ல் தொடங்கியது. ஏழை முதியவர்களுக்கு இலவசமாகத் தரும் உபகரணங்களின் பட்டியலில் கைத்தடி, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி இவற்றோடு பல் செட்டும் இருக்கிறது.

ஆனால் கைத்தடியை லாரியில் ஏற்றி வந்து மேடை போட்டுக் கொடுத்துவிடலாம். பல் செட்டை அப்படிக் கொடுக்க முடியாது. அச்சு எடுக்க வேண்டும். மறுபடி சரியான அளவு எடுக்க வேண்டும். கடிக்கும் உயரம் பார்க்க வேண்டும். மெழுகில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் செட். மொத்தம் 4, 5 தடவை நாற்காலியில் உட்கார வேண்டும். மிச்சம் இருக்கும் ஆட்டம் கண்ட பற்களைப் பிடுங்கினால் ஈறு ஆற இன்னும் சில வாரம். 2 ஆயாக்களை வைத்து இல்லம் நடத்துபவர் ஒரு பாட்டிக்காக 5 நாள் ஆட்டோ பிடித்து, துணைக்கு ஒரு ஆளையும் அனுப்புவாரா? சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கேரளாவில் 'மந்தகாசம்' என்ற பெயரிலும், கர்நாடகத்தில் 'தந்த பாக்ய' என்ற பெயரிலும் ஏழை முதியவர்களுக்குப் பல் செட் கொடுக்கவே தனித் திட்டம் கொண்டுவந்தார்கள்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது 2007-ல். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி அமைக்கலாம் என்றும், அரசு ஆஸ்பத்திரியில் முதியவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்றும் அதில் உள்ளது. பல் பற்றித் தனியாக ஒரு வரி கிடையாது.

தமிழ்நாட்டில் பல் டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. சென்னை, சிதம்பரத்துக்கு அடுத்து 2023-ல் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தனியார் கல்லூரிகளோ ஏராளம். கல்லூரிகளில் இருந்து முகாம் என்று வந்தால் டார்ச் அடித்துப் பார்த்து சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக தாத்தாவால் முடியுமா? முகாமுக்கு வரும் பஸ்ஸிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும் பிள்ளைகள் ஆப்பிளும் முறுக்கும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடிக்கப் பல் இருக்கிறதா என்று கேட்பதில்லை. அடுத்த தடவை போகும்போது கட்டிலுக்கு அடியில், அலமாரியில் பிரஷ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அது ஈரமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.