எடைக்குப் போகாத தாள்கள்

நம் புளியங்குடிக்குப் பக்கத்துக் கடையநல்லூரிலும் தென்காசியிலும் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தறியை நம்பிப் பிழைத்த முஸ்லிம் குடும்பங்கள் பஞ்சத்துக்குப் பயந்து கப்பலேறின. மற்ற ஊர் ஆண்கள் பெரும்பாலும் தனியாகப் போனார்கள். இவர்களோ பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். அங்கே பெண்கள் மசாலா அரைத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் இன்னொரு கடையநல்லூரே உண்டானது. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கியவர்கள், போர் முடிந்த மறு வருஷமே, 1946இல், உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்களுக்குச் சீறாப்புராணம் பாடியவரின் நினைப்பு வந்திருக்கிறது!

அந்தத் தீவில் தமிழ்ப் பத்திரிகை அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் முந்தியது. 1887 ஜூன் 27, திங்கட்கிழமை, ‘சிங்கை நேசன்’ வார இதழின் முதல் தாள் வெளிவந்தது. ஆசிரியர் மகுதூம் சாயபு; அச்சுக்கூடம் தீனோதய வேந்திரசாலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’யும் அதே வருஷம் அச்சேறியது. மறு வருஷம் மகுதூம் சாயபு தம் பத்திரிகையில் ‘விநோத சம்பாஷணை’ என்ற உரையாடல் ஒன்றை எழுதினார். சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை அதுதான் என்று பிற்காலத்தில் வாதாடினார் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அது சிறுகதையா, வெறும் உரையாடலா என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். சண்டை போடுவதற்குத் தாள் மிஞ்சியிருக்கிறது என்பதே நமக்குப் பொறாமை. பத்திரிகை 1890க்கு மேல் ஓடவில்லை. ஆனால் இதழ்களை அங்குள்ள தேசிய நூலகம் காத்து வைத்திருக்கிறது.

திருவாரூர்க்காரர் கோ. சாரங்கபாணி 1924இல் அங்கே போய்ச் சேர்ந்தார். பெரியாரின் வழியில் வந்தவர். 1935இல் ஒரு காசு விலையில் ‘தமிழ் முரசு’ வார இதழ் பிறந்தது. இரண்டே வருஷத்தில் நாளிதழாகிவிட்டது. செய்தி போடுவதோடு அவர் நிற்கவில்லை. குடியுரிமைக்கு மனுப் போடுங்கள் என்று தமிழர்களை விரட்டினார். 1952இல் தமிழர் திருநாள் தொடங்கினார். பிள்ளைகள் எழுதுவதற்கு மாணவர் மணிமன்றத்தை நடத்தினார். 1963இல் வேலைநிறுத்தத்தால் ஏறத்தாழ ஒரு வருஷம் முரசு முடங்கியது. பிறகு எழுந்தது, இன்றும் வருகிறது.

காயாமொழி சி. பா. ஆதித்தனார் சிங்கப்பூரில் வக்கீலாக இருந்து ஊர் திரும்பியவர். அவர் 1942இல் மதுரையில் தொடங்கியதுதான் ‘தினத்தந்தி’. நம் டீக்கடை பெஞ்சில் பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடக்கிறதே, அந்தத் தாளுக்கும் அந்தத் தீவுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

சரி, இவ்வளவையும் புளியங்குடியில் உட்கார்ந்துகொண்டு எதற்காக எழுதுகிறோம்? போன மாதம் நம் இதழின் பழைய பிரதிகளை அடுக்கிப் பார்த்தோம். ஆரம்ப இதழ்கள் இரண்டைக் காணோம். கறையான் தின்றதா, இரவல் போனதா, ஒருவருக்கும் ஞாபகமில்லை. நாமே அச்சடித்ததை நம்மாலேயே காக்க முடியவில்லை. அப்படியிருக்க, மில் சங்கத் துண்டறிக்கைகளும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கைகளும் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைகளும் எங்கே தப்பியிருக்கும்? எலுமிச்சை மண்டியில் இன்றைக்கு விலை என்ன என்று ஊருக்கே தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முந்திய விலையைச் சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட நம் கையில் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் யார் யார் என்று கேட்டால் கல்வெட்டில் பெயர் உள்ளவர்களைச் சொல்கிறோம். கூட்டத்துக்குத் தட்டி எழுதியவரையும் அச்சுக்கோத்தவரையும் சொல்வதில்லை.

அதனால் இந்த இதழிலிருந்து ஒரு வேலையில் இறங்குகிறோம். பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதம், கப்பல் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், நாடக நோட்டீஸ், மண்டிச் சீட்டு, எதுவானாலும் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே படமெடுத்துவிட்டுத் தாளை உங்களிடமே கொடுத்துவிடுவோம். பழைய பேப்பர்காரர் உங்கள் தெருவுக்கு வருவதற்குள் வந்துவிட்டால் நல்லது. எங்களிடம் இல்லாத அந்த இரண்டு இதழ்களும் யாரிடமாவது இருந்தால், அவற்றையும் எடுத்து வாருங்கள்.