தென்பெண்ணைப் பரிசல்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகத்துக்கும், சுற்றுலா, மீன்வளம், நீர்வளம், வனம் ஆகிய துறைகளுக்கும் சாத்தனூர் அணை நீரில் பரிசல் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் முன்வைப்பது.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் மறுநாள் சாத்தனூருக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். பூங்கா, முதலைப் பண்ணை, பொரித்த மீன், நாலு போட்டோ, அவ்வளவுதான். துடுப்பைக் கையில் கொடுத்துக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று இங்கே வேண்டும் என்று முதலில் கேட்பவர்கள் நாங்கள்தான். அது யாருடைய பள்ளியாக இருக்கும் என்பதில்தான் எங்களுக்குக் கவலை.

அணை 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. இதெல்லாம் அலுவலகத்துக்கு மனப்பாடம். எந்த மூலையில் முழுகிக் கிடக்கும் கட்டை வலையைக் கிழிக்கும், எந்த ஓடை வாயில் முதலை வெயில் காயும் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஆகவே கயாக் வந்தாலும் சரி, வேறெந்த சாகச விளையாட்டு வந்தாலும் சரி, அதை டெண்டர் விட்டு வெளியூர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் பிள்ளைகளைக் கயிறு கட்டும் தினக்கூலிக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஒப்ப மாட்டோம். ஒகேனக்கல்லில் உரிமம் பெற்ற உள்ளூர் ஓட்டிகள்தான் காவிரியில் பரிசல் விடுகிறார்கள். இங்கும் அணைக்கரைக் கிராமங்களின் மீனவர் கூட்டுறவுக்கே ஏலமின்றிப் பள்ளி நடத்தும் உரிமையைத் தர வேண்டும். வசூலில் ஓட்டியின் பங்கு எவ்வளவு என்பதை டிக்கெட் கவுண்டர் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

"உங்களுக்குச் சான்றிதழ் இல்லையே" என்பார்கள். உண்மைதான். பரிசலில் ஏறும் புதியவர் துடுப்பைப் பக்கவாட்டில் போடுவார். பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். முன் விளிம்பில் மண்டியிட்டு, துடுப்பை நேர் எதிரே இறக்கி, இடமும் வலமும் அலைத்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பத்து வயதில் இதைப் பழகியவனிடம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கேட்பது என்ன நியாயம்? உயிர்காப்பு, முதலுதவி, கயாக் ஆகியவற்றில் எங்களுக்குப் பயிற்சி வேண்டும்தான். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர்களைச் சாத்தனூருக்கு அழைத்து, தமிழில் வகுப்பு நடத்தி, தண்ணீரிலேயே தேர்வு வையுங்கள். தேறாதவர் ஓட்ட வேண்டாம்.

பாதுகாப்பில் எங்களுக்குச் சலுகை வேண்டாம். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற படகு கவிழ்ந்தது. பன்னிரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. குழந்தைகள் அளவிலும் ஜாக்கெட் இல்லாமல் ஒரு பரிசல்கூடக் கரையை விட்டு நகரக் கூடாது. எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பரிசலின் மேலேயே பெயின்ட்டில் எழுதுங்கள். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் எஞ்சின் இல்லாத கலன்களையும் பதியச் சொல்கிறது. எங்கள் பரிசல்களை ஊராட்சியிலேயே பதிந்து எண் கொடுங்கள். முதலை விஷயத்தில் யாரும் பூசி மெழுக வேண்டாம். வனத்துறை ஒவ்வொரு பருவத்திலும் கரையோரத்தை ஆய்வு செய்து, பயிற்சிக்கு உகந்த இடம் இது என்று மிதவை கட்டிக் காட்ட வேண்டும். அப்படி ஒரு இடமும் தேறவில்லை என்றால் பள்ளி அணைக்குள் வேண்டாம், பக்கத்து ஏரியில் நடத்திக்கொள்கிறோம். மிதவை கட்டினால் எங்கள் வலைகளுக்கும் நல்லது. மாலையில் போட்ட செவுள் வலையைக் காலையில்தான் எடுக்கிறோம். அதன் மேல் கயாக் ஏறினால் வலையும் போகும், ஆளும் சிக்குவார்.

அடுத்தது, தண்ணீர் எங்களைக் கரையில் உட்கார வைக்கும் நாட்கள். 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில், இந்த அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். கீழே விழுப்புரமும் கடலூரும் என்ன பாடு பட்டன என்பதை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட நாளில் துடுப்பைத் தொடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் வெள்ளம் வந்தாலும் கோடையில் நீர் வற்றிச் சேறானாலும் வீட்டில் உலை வைத்தாக வேண்டுமே. கடல் மீனவர்களுக்கு 61 நாள் தடைக்காலத்தில் நிவாரணம் உண்டு. உள்நாட்டு நீரில் பிழைப்பவர்களுக்கும், நிர்வாகம் தடை போடும் நாட்களைக் கணக்கிட்டு அது போல ஒன்று கொடுங்கள். ஷட்டர் திறக்கும் முன் வரும் எச்சரிக்கை துறைகளுக்குள்ளேயே சுற்றாமல், ஆற்றோர ஓட்டிகளின் போனுக்கும் நேரே வரட்டும்.

மீன் பொரித்து விற்கும் பெண்களுக்குக் கூரையுள்ள கடைகள், குடிநீர், கழிப்பறை. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது எங்களுக்குப் பழகிப்போனது. இந்தச் சாசனத்தின் மீதான பேச்சுவார்த்தையை நான்கு துறை அதிகாரிகளும் ஒன்றாக வந்து அணைக்கரையில் நடத்த வேண்டும். வரும் கார்த்திகை தீபத்துக்கு முன் நாள் குறித்துச் சொல்லுங்கள். காலை வலை எடுத்த பிறகு, பத்து மணி என்றால் எங்களுக்குத் தோது.