மாசக் கணக்கு: வாரன்டி முடிந்த மின்சார கார்... வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் ஈவி 13.99 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் சந்தைக்கு வந்தபோது, வாங்கியவர்களின் பயத்தைப் போக்கியது ஒரே ஒரு வரிதான். 'பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி.' அதற்கு முன்பே, 2019 ஜூலையில் வந்த ஹூண்டாய் கோனாவின் பேட்டரிக்கும் அதே 8 வருஷம், 1,60,000 கி.மீ. தான். எம்.ஜி. இசட்.எஸ். ஈவி-க்கு 8 வருஷம், 1,50,000 கி.மீ.

வாங்கும்போது 8 வருஷம் என்பது ஏதோ அடுத்த ஜென்மம் மாதிரி தெரிந்தது. இப்போது அந்தத் தேதி வாசலில் நிற்கிறது. முதல் கோனாக்களுக்கு 2027-லும், முதல் நெக்ஸான்களுக்கு 2028-லும் காலக்கெடு முடிகிறது. தினமும் அதிக தூரம் ஓட்டுபவர்கள் வருஷம் முடியும் முன்பே கிலோ மீட்டரில் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். 'எது முதலில் வருகிறதோ, அது' என்பதுதானே விதி?

எங்கள் வீட்டிலும் இந்தப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தப்பாவுக்கு தாம்பரத்தில் வீடு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளுக்கு பேக்கிங் சாமான் சப்ளை செய்கிறார். ஒரு நாளைக்கு 90 கி.மீ. ஓட்டம். ஆறே வருஷத்தில் 1,60,000 கி.மீ. தொட்டுவிட்டார். "வழியில நின்னுட்டா அன்னைக்கு சப்ளை போச்சு. இப்பவே வித்துடுங்க" என்கிறார் சித்தி. "நல்லா ஓடுற வண்டிய எதுக்கு விக்கணும்?" என்கிறார் சித்தப்பா. நடுவில், மகளுக்கு காலேஜ் முதல் வருஷ ஃபீஸ் வேறு. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால், கணக்கு போட்டே பார்த்துவிடுவோம்.

எந்த வாரன்டி முடிந்தது?

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். மின்சார காருக்கு பொதுவாக இரண்டு வாரன்டி உண்டு. ஏசி, சஸ்பென்ஷன், திரை, பூட்டு போன்றவற்றுக்கான வாகன வாரன்டி. பெரும்பாலும் 3 வருஷம். அது எப்போதோ முடிந்திருக்கும். இரண்டாவது, பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்குமானது. தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

ஆனால், இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் இழப்பது இயற்கை. போன் பேட்டரி மாதிரியேதான். பல நிறுவனங்கள், வாரன்டி காலத்துக்குள் திறன் சுமார் 70 சதவிகிதத்துக்குக் கீழே போனால்தான் பொறுப்பேற்கின்றன. உங்கள் பேட்டரி 82 சதவிகிதத்தில் இருந்தால், வாரன்டி இருந்தபோதும் அதை மாற்றித் தந்திருக்க மாட்டார்கள். அப்படியானால், வாரன்டி முடிந்ததும் நீங்கள் இழப்பது என்ன? திடீர் கோளாறுக்கான பாதுகாப்பு மட்டும்தான். மெதுவான தேய்மானம் நேற்றும் உங்கள் பொறுப்புதான், இன்றும் உங்கள் பொறுப்புதான்.

சரி... வாரன்டி இன்னும் முடியவில்லை, சில மாதங்கள் மிச்சம் என்கிறீர்களா? அப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சர்வீஸ் சென்டரில் பேட்டரி பரிசோதனை செய்து, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். சார்ஜ் சட்டென்று இறங்குவது, ஃபாஸ்ட் சார்ஜிங் பாதியில் நிற்பது, எச்சரிக்கை விளக்கு எரிவது என எது இருந்தாலும் ஜாப் கார்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்கு, வாரன்டி முடிந்த மறுநாள் மதிப்பே இருக்காது. நீட்டிப்பு வாரன்டி கிடைக்குமா என்பதையும், பழையது முடிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பேட்டரிக்கு நாமே ஒரு டெஸ்ட்

'எஸ்.ஓ.ஹெச்' என்று ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். பேட்டரியின் உடல்நிலை என்று அர்த்தம். புதிதாக இருந்தபோது 100 என்றால், இப்போது எத்தனை என்பதுதான். சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். ஓபிடி கருவி ஒன்றை வாங்கி போன் ஆப்பில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்றால், வீட்டு மீட்டரே போதும்.

30.2 யூனிட் பேட்டரி உள்ள காரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 20 சதவிகிதத்தில் இருந்து 100 வரை சார்ஜ் போடுங்கள். அந்த நேரத்தில் கார் மட்டும் எத்தனை யூனிட் இழுத்தது என்று சார்ஜரிலோ, சப்-மீட்டரிலோ குறித்துக்கொள்ளுங்கள். 22 யூனிட் என்று வைப்போம். சார்ஜ் ஏறும்போது சுமார் 10 சதவிகிதம் வெப்பமாக வீணாகும். ஆக, பேட்டரிக்குள் போனது 19.8 யூனிட். இது 80 சதவிகித அளவுக்கு. அப்படியானால் முழுக் கொள்ளளவு 24.75 யூனிட். 30.2-க்கு இது 82 சதவிகிதம். துல்லியமான ஆய்வக அளவு இல்லைதான். ஆனால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே மாதிரி எடுத்துக் குறித்துவைத்தால், பேட்டரி எந்த வேகத்தில் இறங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு எண்ணைவிட அந்த வேகம்தான் முக்கியம். மெதுவாக, சீராக இறங்கினால் பயம் வேண்டாம். ஒரே சீசனில் தடாலென இறங்கினாலோ, 20 சதவிகிதம் காட்டிய சார்ஜ் அடுத்த சிக்னலில் 5 ஆனாலோ, ஏதோ ஒரு செல் படுக்கிறது என்று அர்த்தம்.

நம் ஊர் வெயில் இதில் பெரிய வில்லன். 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் கார், அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் வேகமாகத் திறன் இழந்தது. அதன் பேட்டரிக்குக் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. புகார்கள் குவிந்த பிறகுதான், திறன் இழப்புக்கும் சேர்த்து வாரன்டி கொடுத்தது நிறுவனம். நல்லவேளையாக நெக்ஸான், கோனா, இசட்.எஸ். மூன்றிலும் பேட்டரியைத் திரவம் வைத்துக் குளிர்விக்கும் அமைப்பு இருக்கிறது. ஆனால், அந்தக் கூலன்ட்டைச் சரியான இடைவெளியில் மாற்றினீர்களா? வாரன்டிக்குப் பிறகு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

தேவை எவ்வளவு?

'புதுசுல 220 போச்சு, இப்ப 175 தான் போகுது' என்று சித்தப்பா வருத்தப்பட்டார். கேட்பதற்கு பெரிய இழப்புதான். ஆனால், அவர் தினமும் ஓடுவது 90. இன்னும் இரண்டு மடங்கு கையில் இருக்கிறது. இதே கார் தினமும் 160 கி.மீ. ஓடுபவரிடம் இருந்தால், கதை வேறு. ஏசி போட்டு, மழையில் டிராஃபிக்கில் மாட்டினால் பாதி வழியில் வியர்த்துவிடும்.

எளிய விதி இதுதான். உங்கள் வழக்கமான ஒரு நாள் ஓட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு ரேஞ்ச் இருக்கும்வரை, தேய்மானத்துக்காக மட்டும் காரை விற்காதீர்கள். வருஷத்துக்கு நான்கு முறை விழுப்புரம், திருச்சி போவதற்காக தினசரி வண்டியை மாற்றுவதும் வீண்செலவு. அந்த நான்கு முறைக்கு ரயில் இருக்கிறது, வாடகை கார் இருக்கிறது.

பணக் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வீட்டு கரன்ட் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். மேல் ஸ்லாபில்தான் கணக்கிட வேண்டும். ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. போனால், கி.மீ-க்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 என்றால், கி.மீ-க்கு 6.67 ரூபாய். வித்தியாசம் 5 ரூபாய்க்குமேல்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மிச்சம். சித்தப்பா மாதிரி 2,250 கி.மீ. ஓட்டினால் 11,000 ரூபாய்க்குமேல் மிச்சம். எப்போதும் பொது ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே யூனிட் 20 ரூபாய்க்குமேல் போகிறது, மிச்சம் பாதியாகிவிடும்.

எதிர்ப்பக்கம் என்ன? புது காருக்கு 10 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, 5 வருஷம் என்றால், மாதத் தவணை சுமார் 20,760 ரூபாய். இரண்டரை வருஷத் தவணையே 6.2 லட்சத்தைத் தாண்டும். பேட்டரி முழுதாகப் போய், 6 லட்சம் எஸ்டிமேட் நீட்டினார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் இன்னும் இரண்டரை வருஷம் ஓடிவிட்டால், அந்த மோசமான நிலைமையும் தவணையும் சமமாகிவிடுகிறது. பழைய காரை இப்போதே விற்றால் கையில் வரும் தொகையையும் சேர்த்துப் பாருங்கள். அப்போது அந்த இரண்டரை வருஷம் இன்னும் கொஞ்சம் நீளும். அவ்வளவுதான்.

அதுவும் முழு பேட்டரியும் ஒரே நாளில் செத்துப்போவது அரிது. பேட்டரி என்பது பல மாட்யூல்கள் சேர்ந்த பெட்டி. ஒரு பலவீனமான செல்தான் மொத்தத்தையும் கீழே இழுக்கும். கெட்ட மாட்யூலை மட்டும் மாற்ற முடியுமா என்று உங்கள் நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள். முடியும் என்றால் செலவு பல மடங்கு குறையும். வெளிக்கடையில் செய்வதானால், உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர்களா என்று பார்த்து விடுங்கள். ஆரஞ்சு நிற கேபிளில் ஓடுவது 300 வோல்ட்டுக்கும் மேல். விளையாட்டு இல்லை.

பேட்டரியைவிட அடிக்கடி தொல்லை கொடுப்பவை வேறு. காருக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி படுத்தால், பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் எழுந்திருக்காது. சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை. பழையதானால் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். அடுத்து ஆன்-போர்டு சார்ஜர், ஏசி கம்ப்ரஸர். பேட்டரியின் எடையால் டயரும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

எப்போது விற்க வேண்டும்?

கீழே உள்ளவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால், தயங்காமல் விற்கலாம்.

* ரேஞ்ச், தினசரி தேவையின் ஒன்றரை மடங்குக்குக் கீழே வந்துவிட்டது.
* பேட்டரி எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது, காரணம் பிடிபடவில்லை.
* மாடலே நிறுத்தப்பட்டு, உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். கோனா எலெக்ட்ரிக் இந்தியாவில் இப்போது விற்பனையில் இல்லை. வைத்திருப்பவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.
* வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான். அது ஒரு வாரம் நின்றால் பிழைப்பே நிற்கும்.
* கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது.

கடைசி விஷயத்தைச் சென்னைவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் நேரத்தில் எத்தனை கார்கள் மிதந்தன என்று பார்த்தோம். ஐபி67 தரம் என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. இரண்டு நாள் நிற்பதற்கு அல்ல. அதனால், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பு உண்டா, தண்ணீர் புகுந்தால் பணம் கிடைக்குமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். வாரன்டி போன பிறகு இதுதான் உங்கள் குடை.

விற்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2025-ல் இருந்து டாடா தன் 45 யூனிட் நெக்ஸான் ஈவி உள்ளிட்ட சில மாடல்களுக்கு, முதல் உரிமையாளருக்கு 'ஆயுள்கால' பேட்டரி வாரன்டி தருகிறது. ஆயுள் என்றால் பதிவு செய்த நாளில் இருந்து 15 வருஷம். புதியவற்றுக்கு இப்படிக் கிடைக்கும்போது, வாரன்டி முடிந்த பழைய காரின் விலையை வாங்குபவர் அடித்துத்தான் கேட்பார். பேட்டரி அறிக்கையும் சர்வீஸ் பில்களும் ஃபைலாகக் கையில் இருந்தால், பேரத்தில் உங்கள் குரலுக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும்.

என்ன முடிவு எடுத்தார்கள்?

சித்தப்பாவின் காருக்கு 82 சதவிகிதம் என்று அறிக்கை வந்தது. இப்போதைக்கு விற்பதில்லை என்று முடிவு. ஆனால், சித்தி ஒரு நிபந்தனை போட்டார். பெட்ரோலில் மிச்சமாகும் பணத்தில் மாதம் 7,000 ரூபாய் தனி ஆர்.டி-யில் போக வேண்டும். அது காலேஜ் ஃபீஸுக்கும் இல்லை, தீபாவளிக்கும் இல்லை, பேட்டரிக்கு மட்டும். மூன்று வருஷத்தில் வட்டி இல்லாமலேயே 2.52 லட்சம். மாட்யூல் மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பணம் இருக்கும். ஒன்றும் ஆகவில்லை என்றால், அடுத்த காருக்கு முன்பணம். கார் நின்ற நாளில் சப்ளைக்கு வேன் பிடிக்க, பக்கத்துத் தெரு டிரைவரிடமும் பேசி வைத்துவிட்டார். என்னைக் கேட்டால், மொத்தப் பஞ்சாயத்திலும் உருப்படியான யோசனை அந்த நிபந்தனைதான்.

வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தவர்கள் இன்றே தொடங்க வேண்டியவை இவை. வெயிலில் நிறுத்தி முழு சார்ஜில் நாள்கணக்கில் விடாதீர்கள். ஃபாஸ்ட் சார்ஜிங்கை வெளியூருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்.எஃப்.பி பேட்டரி என்றால், மேனுவலில் சொன்ன இடைவெளியில் 100 வரை ஏற்றுங்கள்; என்.எம்.சி என்றால், தினசரிக்கு 80 போதும். ஒருநாள் பேட்டரியை மாற்ற நேர்ந்தால், பழையதைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. எக்ஸ்சேஞ்ச் மதிப்பு ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்!