உயர்திணையில் இடமுண்டு, கல்லூரியில் உண்டா?

2021ஆம் ஆண்டில், மதுரையைச் சேர்ந்த இளம் பெண்கள் இருவர், பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். களவு செய்தவர்களல்லர், கொலை புரிந்தவர்களுமல்லர். ஒருவரையொருவர் நேசித்தனர், அதுதான் குற்றமாம்!

வழக்கைக் கேட்ட நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்பதை மறைத்தாரில்லை. உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். பின்னரே, சூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். நீதியரசருக்கே வேண்டியிருந்த அந்தப் பாடம், நமது கல்லூரி நிர்வாகிகளுக்கு மட்டும் வேண்டாமோ?

அந்த ஆணை கல்லூரிகளுக்கு என்ன கூறிற்று? பால்வேறுபாடற்ற கழிப்பறை அமையுங்கள் என்றது. சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள் என்றது. விண்ணப்பத்தில் ஆண், பெண் என்பவற்றோடு மூன்றாவது கட்டமும் இருக்கட்டும் என்றது. இவர்தம் குறை கேட்கும் ஆலோசகரை அமர்த்துங்கள் என்றது. மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை, தோழர்களே! ஓர் அறை, ஒரு கட்டம், காது கொடுக்கும் ஒரு மனிதர்; அவ்வளவே!

"மேனாட்டுச் சரக்கு இது" என்று முகம் சுளிக்கிறார்கள் சிலர். தமிழறிந்தோர் பேசும் பேச்சா அது? ஆணென்றும் பெண்ணென்றும் அடங்காதாரையும் உயர்திணையிலே வைத்து இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். அவர்களை அஃறிணைக்குத் தள்ளியது, பின்னால் வந்த நம் நாக்கு!

1918இல் இதே மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நாடக சபை கண்டார். சிறுவர்கள் பெண் வேடமேற்றனர்; ஊர் கைதட்டியது. வேடம் வேறு, வாழ்வு வேறு, அறிவேன். ஆயினும் வேடத்துக்கு மாலை, வாழ்வுக்கு ஏளனமா?

"கல்லூரி படிக்கவா, இதற்கா?" என்பார் உளர். படிப்பதற்காகத்தான் கேட்கிறோம்! பட்டம் பெறாமல் கல்லூரியை விட்டு வந்தவன் நான். வகுப்பறைக் கதவு சாத்திக்கொண்டால் திறப்பது எத்துணை அரிது என்பதை அறிவேன். பகடிவதைத் தடை விதிகளில், பால் நாட்டத்தைச் சொல்லி இழிவுசெய்வதையும் 2016இலேயே சேர்த்தது பல்கலைக்கழக மானியக் குழு. விதி ஏட்டிலிருக்கிறது, விடுதி அறையில் இருக்கிறதா?

"எத்தனை பேர் இவர்கள்?" என்று எண்ணிக்கை கேட்பவரே! உரிமை, தலை எண்ணிக் கொடுக்கும் தானமன்று.

மதுரை இதில் பின்தங்கிய ஊருமன்று. 2011இல் கோபி சங்கர் முதலானோர் 'சிருஷ்டி மதுரை' என்னும் மாணவர் அமைப்பைத் தொடங்கினர். 2012 சூலையில் இந்நகரில் பேரணி கண்டனர். மாணவர்கள் கைப்பொருளின்றித் தொடங்கியதை, கட்டடமும் கட்டணமும் உடைய நிறுவனங்கள் தொடர இயலாதா?

வில்லாபுரத்தில் விடியலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களில் ஒருவர், யாரிடமும் சொல்லவியலாத சுமையைப் புத்தகப் பையோடு தூக்கிச் செல்லலாம். அவர் உங்கள் தங்கையாகவும் இருக்கலாம்.

ஆகவே தோழர்களே, வரும் வாரம் உங்கள் பகுதிக் கல்லூரி முதல்வரைக் காணுங்கள். கலகம் வேண்டாம், கையில் அந்த ஆணையின் படி இருக்கட்டும். மூன்றே கேள்விகள்: ஆலோசகர் எங்கே? கழிப்பறை எங்கே? விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் எங்கே?

விடை வரும்வரை கேளுங்கள்!