கூல் அண்ட் தி கேங் விலை போனார்களா?

'செலிப்ரேஷன்' பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் பழைய ஜாஸ்-ஃபங்க் ரசிகர்களிடம் அதைப் பாடிய கூல் அண்ட் தி கேங் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "நல்லாத்தான் இருந்தாங்க, அப்புறம் காசுக்கு விலை போயிட்டாங்க" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இந்தத் தீர்ப்புதான் எனக்கு உறுத்துகிறது.

1964-ல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் ராபர்ட் பெல், ரொனால்ட் பெல் சகோதரர்கள் நண்பர்களோடு ஆரம்பித்த குழு இது. முதலில் வைத்துக்கொண்ட பெயர் ஜாஸியாக்ஸ். பெயரிலேயே ஜாஸ்! 1973-ல் பதிவான 'ஜங்கிள் பூகி'யில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் அடிதடி சண்டையே போடும். 1974-ன் 'சம்மர் மேட்னஸ்' இன்னொரு உலகம். பாட்டு வரியே இல்லாமல், சிந்தசைசர் ஒரு சுரத்தை மேலே மேலே இழுத்துக்கொண்டு போகும்போது நமக்கு மூச்சு நின்றுவிடும்.

அப்புறம் டிஸ்கோ அலை வந்தது. இவர்களும் அதன் பின்னாலேயே ஓடினார்கள். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' (1977) இசைத்தொகுப்பில் இவர்கள் பாட்டு ஒன்றுகூட இருக்கிறது. ஆனாலும் குழு சரிந்துகொண்டேதான் இருந்தது. இதை நம் விமர்சகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1979-ல் இரண்டு மாற்றங்கள். ஜே.டி. டெய்லர் என்ற முன்னணிப் பாடகர் வந்தார். தயாரிப்பாளராக பிரேசில்காரர் யூமிர் டியோடாட்டோ வந்தார். ஜாஸைக் கெடுக்க வந்த வெளியாள் என்று அவரைச் சொல்ல முடியாது. 1973-லேயே ஜாஸ்-ஃபங்க் வாத்திய இசையால் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தவர் அவர். 'லேடீஸ் நைட்' ஹிட்டானது. 1980-ல் வந்த 'செலிப்ரேஷன்', 1981 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது. ஈரானில் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்கள் 1981-ல் ஊர் திரும்பியபோது ஒலித்த பாட்டும் இதுதான்.

எதுவுமே இழக்கவில்லை என்று நான் சாதிக்கவில்லை. முன்பு ஆளுக்கொரு வாத்தியத்தோடு எல்லோரும் பேசினார்கள். பிறகு ஒருவர் பாட, மற்றவர்கள் பக்கவாத்தியம் ஆனார்கள். 1985-ன் 'செரிஷ்' இனிமையான காதல் பாட்டுதான். ஆனால் அதில் 'ஜங்கிள் பூகி'யின் ஆவேசத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். என் ஓட்டு இன்றைக்கும் 'சம்மர் மேட்னஸு'க்கே.

ஆனால் இழப்பு வேறு, துரோகம் வேறு. பதினைந்து வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள், கலைந்துபோவதற்குப் பதிலாக எல்லோரும் கூடவே பாடக்கூடிய ஒன்றைச் செய்தார்கள். இசையே தெரியாதவரையும் எழுந்து ஆடவைப்பது அவ்வளவு சுலபமா என்ன? சுலபமென்றால், டிஸ்கோ பின்னால் ஓடிய அந்த வருஷங்களிலேயே இவர்கள் ஜெயித்திருக்க மாட்டார்களா?

பழைய இசைத்தட்டுகள் எங்கும் போய்விடவில்லை. 'செலிப்ரேஷன்' வழியாக வந்து 'சம்மர் மேட்னஸி'ல் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். முன்வாசல் அகலமாக இருந்ததால்தானே உள்ளறை வரைக்கும் வர முடிந்தது?